கடலுக்கடியில் ஒரு மொகிங்காக் கடை

தாகேதா,
3 செப்டம்பர் 2023

என் தங்கை புஷ்பலதா பெற்ற புலிக்குட்டியும், கோயில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் சர்வாதிகாரியுமான பவானிக்குத் தாய்மாமன் சின்னத்தம்பி எழுதுவது.

நான் சொல்லப்போகும் இந்த விருத்தாந்தத்தை ரங்கூனில் ஓர் ஆத்மாவும் நம்பாது. நம்பாதவர்கள் வரிசையில் முதல் ஆளாக நீ நிற்பாய். அது தெரிந்தே, சாட்சிக் கூண்டில் ஏறியவனைப்போல நெஞ்சில் கை வைத்துத் தொடங்குகிறேன்.

நான் நலம். நலமில்லை என்றால் நீ மகிழ்வாய் என்பதால், முழங்கால் இரண்டும் நலமில்லை என்று சேர்த்துக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் நலமா?

பூம்புகாரிலிருந்து திரும்பி எட்டு நாளாயிற்று. மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உன் பக்கத்து வீட்டுத் தஸ்லீமா தையல் ஆலைக்குப் போகிற வழியில் உன் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். "பேச்சு வேண்டாம். எழுதிக் கொடுங்கள். எழுத்தில் இருந்தால் மறுநாள் மாற்ற முடியாது. கேள்வி ஒன்றுதான். அப்பா உயிரோடு இருக்கிறாரா, இல்லையா?"

கேள்வி சின்னது, பதில் பிரம்மாண்டமானது. அந்த ஊர் பாதி நிலத்தில் கிடக்கிறது, பாதி கடலுக்குள் கிடக்கிறது. பதிலும் அப்படித்தான். முதலில் நிலத்துப் பாதியைச் சொல்கிறேன்.

கீழையூர் என்ற இடத்தில் பழைய படகுத்துறையைத் தோண்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செங்கல்லும் நம் நகரப் பேருந்து நீளம். நான் கால் வைத்ததும் நாற்பது யவனர் கப்பல்கள் பாயை இறக்கி மரியாதை செய்தன. அடுத்தது புத்த விகாரை, இடிந்தது. நம் ஊர்ப் பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உச்சி வெயிலில் செங்கல்மேல் ஏறினேன். காவல்காரர் ஓடிவந்து, "ஐயா, இது பழைய இடம், செருப்போட வரலாம்" என்றார். "எங்க ஊருல பாயான்னா, அதான் புத்தர் கோயில்னா, பழசோ புதுசோ செருப்பு வெளியிலதான்" என்றேன். அவர் மயங்கி விழுந்தார். உள்ளங்கால் வெந்துபோன எனக்குப் புத்தரே எழுந்துவந்து நம் ஊர்ப் பெண்கள் கன்னத்தில் பூசுகிற தனக்காப் பட்டையை அரைத்துப் பூசினார்.

கடல் பாதியை முழங்கால் தேறியதும் எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல். பதினேழு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள் பதில் சொல்லமாட்டாள். இருந்தாலும் சொல்.

இப்படிக்கு,
சமுத்திரம் கண்ட சின்னத்தம்பி


க்யிம்யிண்டைங்,
6 செப்டம்பர் 2023

மாமாவுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். உங்கள் முழங்கால் செய்தியை எதிர்பார்த்தபடியே மகிழ்ச்சியோடு படித்தேன்.

உங்களை எதற்காக அனுப்பினோம் என்பது மறந்துவிட்டதுபோல எழுதியிருக்கிறீர்கள். நினைவூட்டுகிறேன். தாகேதா சந்தை முனையில் விடிவதற்கு முன்பே இடியாப்பம் போன்ற அரிசி நூலில் மீன்குழம்பு ஊற்றி மொகிங்கா விற்றுக்கொண்டிருந்தவர் என் அப்பா தேவராஜ். 2006 தீமிதி விருந்தில், இருநூறு பேர் நடுவில், இலையின் முன் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "மச்சான் அண்டாவுல மீசை வச்ச மீனு ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. போலீசுன்னு நெனச்சு சலாம் போட்டுட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, அது சுடுகாட்டு வாய்க்கா மீனு. நம்ம தாத்தாவைத் தின்னுதான் அந்த மீசை வளந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மறுவாரமே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சலாம் போட்டார்கள். வாங்க ஆளில்லாமல் இரண்டு மாதத்தில் அண்டா கவிழ்ந்தது. அப்பாவின் முன்னோர் கப்பலேறிய கரை பூம்புகார். அங்கே போய்ப் பிழைக்கிறேன் என்று போனார். ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி.

அந்த மொகிங்காவை நீங்கள் ஒரு நாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் கை நனைத்ததே இல்லை. இதையும் எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஜனவரி 28 எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரேம்நாத்தின் அம்மா, எல்லோரும் மரியாதைக்கு 'டோ' சேர்த்து அழைக்கிற டோ தெய்வானை, லான்மடாவிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "தகப்பன் இருந்தா எங்கே? இல்லேன்னா உன் அம்மா நெத்தியில எதுக்குப் பொட்டு?" அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். வந்தவருக்குத் தேநீர் நான்தான் கொடுத்தேன்.

கப்பல் நாற்பது, செங்கல் பேருந்து நீளம், இதெல்லாம் எனக்கு வேண்டாம். இருக்கிறார் அல்லது இல்லை. ஒரு சொல் போதும்.

பவானி


தாகேதா,
17 செப்டம்பர் 2023

வீராங்கனை பவானிக்கு மாமன் ஆசீர்வாதம்.

நலமா? இங்கே கரண்ட் நாலு மணி நேரம் வருகிறது, நாலு மணி நேரம் போகிறது. நானும் அப்படியே வந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரு பிழை. நான் சலாம் போட்டது ஒரு மீனுக்கு இல்லை, இரண்டு மீனுக்கு. சரி, வேண்டாம். அதை விடு.

கடல் பாதிக்கு வருகிறேன். ஆடி அமாவாசை. காவிரி கடலில் கலக்கிற இடத்தில் ஜனங்கள் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினேன். மூன்று நாள் மூச்சை அடக்கியிருந்தேன். கீழே போனால், அடேயப்பா, வீதி வீதியாக ஊர். நாற்சந்தியில் சுறா ஒன்று விசில் ஊதி வண்டிகளை நிறுத்துகிறது. என்னை இறால்கள் பல்லக்கில் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போயின. ராஜா, "ரங்கூன்ல கரண்ட் எப்படி?" என்று கேட்டார். சொன்னேன். "நாலு மணி நேரத்துக்கா புலம்புறே? இங்கே போயி ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு" என்றார்.

பசி எடுத்தது. வீதிக் கோடியில் ஒரு கடை. தண்ணீருக்குள் அடுப்பு எரிகிறது, அண்டாவில் மொகிங்கா கொதிக்கிறது. கடைக்காரர் முதுகைக் காட்டி நின்றபடியே ஒரு கிண்ணத்தை நகர்த்தினார். அந்த ஊரில் எல்லாமே மூழ்கித்தான் கிடக்கும், முட்டைகூட. நூலையும் குழம்பையும் முடித்த பிறகுதான் தெரிந்தது, கிண்ணத்தின் அடியில் அரை வாத்து முட்டை, மஞ்சள் கரு மேலே பார்த்தபடி. நம் ஊரில் வைத்த முட்டையை மேலே வைத்துக் காட்டுவார்கள். அங்கே ஒளித்து வைக்கிறார்கள். இப்படி வியாபாரம் செய்தால் ஊர் மூழ்காமல் என்ன செய்யும்?

அப்புறம் எட்டுக் கை மீன் ஒன்று என்னோடு சீட்டாட வந்தது. ஒரே சமயத்தில் எட்டு ஆட்டம். எட்டிலும் நான்தான் ஜெயித்தேன்.

அம்மாவின் இருமல் தேவலையா? தஸ்லீமா சொன்னாள்.

கடலடி வேந்தரின் நண்பன்,
சின்னத்தம்பி


க்யிம்யிண்டைங்,
20 செப்டம்பர் 2023

மாமாவுக்கு.

இருமலை விசாரிக்க வேண்டாம். விசாரிக்கிற உரிமையை நீங்கள் எப்போதோ தொலைத்துவிட்டீர்கள்.

போனில் தேடிப் பார்த்தேன். கீழையூரில் இருப்பது வேலி போட்ட ஒரு செங்கல் கட்டு. ஒரு கையால் தூக்கலாம் போன்ற செங்கல். கடலுக்குள் ஆராய்ச்சிக்காரர்கள் முழுகிப் பார்த்தும் கல்லும் சேறுமாகத்தான் கண்டிருக்கிறார்கள். சுறாவுக்கு விசில் கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "தேவராஜ்" என்ற பெயர் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை. பெயரை எழுதவே கை கூசுகிறதா? விருந்தில் சொல்லும்போது கூசவில்லையே.

ஐயர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். பத்து வருஷத்துக்கு மேல் தகவல் இல்லாதவருக்குத் தர்ப்பைப் புல்லால் உருவம் கட்டி எரித்து, காரியம் முடித்துவிடலாமாம். அப்புறம் அம்மா பொட்டை அழித்துவிட வேண்டும். டோ தெய்வானைக்கு இதில் திருப்தி.

உயிரோடு இருக்கிற மனிதரை நாங்கள் எரிக்கப்போகிறோமா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பதில் எழுதுங்கள்.

பவானி


தாகேதா,
15 அக்டோபர் 2023

நீதிபதி பவானிக்கு.

நலம். நாலு வாரத் தாமதத்துக்குக் காரணம் காய்ச்சல். நூற்றுப் பதினைந்து டிகிரி. டாக்டர் என் நெற்றியில் அப்பளம் பொரித்துச் சாப்பிட்டார்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கடலடியிலிருந்து கிளம்பும்போது அந்த ஊர்க் காவல் அதிகாரி என்னை நிறுத்தினார். "இங்கே யாரைப் பாத்தே, யாரைப் பாக்கலேன்னு மேலே போயி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லு. அவங்க எள்ளுத் தண்ணி விட்டுட்டு நிம்மதியா இருக்கட்டும். கரையேறினவங்களை மறுபடி எதுக்கு நனைக்கணும்?" என்றார். தண்ணீருக்குள்ளேயே கற்பூரம் ஏற்றி, என் உள்ளங்கையால் அணைக்கச் சொன்னார். நானும் அணைத்தேன். கொப்புளம் இன்னும் இருக்கிறது.

கடைசியில் அவர் சிரித்தார். "உங்கிட்ட சத்தியம் வாங்குறதே வீண். நீ உள்ளதைச் சொன்னாலும் எவன் நம்பப்போறான்?"

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி நல்ல ஊர்.

சின்னத்தம்பி


க்யிம்யிண்டைங்,
18 அக்டோபர் 2023

மாமாவுக்கு.

கற்பூரம் அணைத்துச் செய்கிற சத்தியத்தை நம் ஜனங்கள் கோர்ட்டுச் சத்தியத்தைவிடப் பெரிதாக நினைக்கிறார்கள். அதையும் வேடிக்கையாக்கிவிட்டீர்கள். இனி கேலி செய்ய உங்களுக்கு என்ன மிச்சம்?

அந்த அதிகாரி சொன்னது சரி. எவனும் நம்பப்போவதில்லை.

பவானி


க்யிம்யிண்டைங்,
20 நவம்பர் 2023

மாமாவுக்கு.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. காய்ச்சல் இருநூறு டிகிரிக்கு ஏறிவிட்டதோ என்று கவலைப்பட இருந்தேன். அதற்குள் தஸ்லீமா உங்களைப் பார்த்ததாகச் சொன்னாள். இனாயத்துல்லா வெற்றிலைக் கடை வாசலில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு மூழ்கிய ஊர்க் கதையை நடத்திக்கொண்டிருந்தீர்களாம். சுறா வந்ததாம், பல்லக்கு வந்ததாம், எட்டுக் கை மீன் பன்னிரண்டு கைக்கு வளர்ந்துவிட்டதாம். தஸ்லீமா முழுவதும் நின்று கேட்டிருக்கிறாள். உங்கள் கடிதத்தைச் சுமந்து வருகிறவள் அல்லவா, நான் படித்துக் காட்டியிருக்கிறேன். "எல்லாம் சொன்னாருக்கா, அந்த மொகிங்காக் கடையை மட்டும் சொல்லலே" என்றாள்.

ஏன், கூட்டத்துக்குப் பசி வந்துவிடும் என்றா?

நாள் குறித்துவிட்டோம். மார்கழி அமாவாசை, ஜனவரி 11. தர்ப்பை உருவத்தை நான்தான் எரிக்க வேண்டும், ஆண்பிள்ளை இல்லாத வீடு. பத்து நாள் தீட்டு, பிறகு கல்யாணம். தாரை வார்க்கத் தாய்மாமன் வேண்டும் என்றார்கள். எனக்குத் தாய்மாமன் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இதற்குப் பதில் வேண்டியதில்லை.

பவானி


தாகேதா,
21 நவம்பர் 2023

பவானி,

தர்ப்பையைக் கட்டாதே.

சின்னத்தம்பி


க்யிம்யிண்டைங்,
3 டிசம்பர் 2023

மாமாவுக்கு.

இரண்டு சொல். அதிலும் காரணம் கிடையாது. யார் சொல்லிக் கட்டாமல் இருப்பது? நீங்கள் சொல்லியா? டோ தெய்வானையிடம் போய், "மீனுக்குச் சலாம் போட்டவர் வேண்டாம் என்கிறார்" என்று சொல்லட்டுமா? எங்களை இப்படி நடுவில் நிறுத்திவைப்பதில் உங்களுக்கு என்ன சுகம் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கடிதத்தை இத்தோடு முடித்திருப்பேன். ஒன்று நடந்தது.

நீங்கள் மொகிங்காக் கடையை மட்டும் சொல்லாமல் விட்டதாகத் தஸ்லீமா சொன்னதிலிருந்து அம்மா ஒரு மாதிரி இருந்தார். நேற்று உங்கள் கடிதங்களைக் கேட்டார். உங்கள் எழுத்தைத் தொடமாட்டேன் என்று இருந்தவர், ஜன்னலோரம் உட்கார்ந்து செப்டம்பர் 17ஆம் தேதிக் கடிதத்தை விரலை ஓட்டிப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது. நான் மூன்று தடவை படித்தும் தாண்டிப்போன இடம்.

அப்பா கடையில் முட்டையை எல்லோருக்கும் மேலேதான் வைப்பார். அடியில் ஒளித்து வைத்தது வீட்டில், எனக்கு மட்டும். பாதியில் எழுந்து ஓடிவிடுவேன் என்று அப்படிச் செய்வார். "கடைசி வரைக்கும் போனாத்தான் கெடைக்கும்" என்பார். இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. அதை நானே உங்களுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

என் கோபம் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது அப்படியே இருக்கிறது. கீழே அம்மா ஒரு வரி எழுதியிருக்கிறார். அதற்குப் பொய் சொன்னீர்கள் என்றால், அதோடு எல்லாம் முடிந்தது.

பவானி

அண்ணா, கிண்ணத்தின் அடியில் முட்டை இருந்தது நிஜமா? புஷ்பா.


தாகேதா,
31 டிசம்பர் 2023

தங்கை புஷ்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

பதினேழு வருஷமாக உன் நலத்தை ஊரில் எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன். இன்று உன்னையே கேட்கிறேன். நலமா? இருமல் எப்படி இருக்கிறது?

உன் ஒரு வரிக்குப் பதில் எழுத நாலு வாரம் ஆயிற்று. ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். பவானி நினைப்பதுபோல வேடிக்கைக்கு இல்லை. கற்பூரத்தைப் பற்றி நான் பேசக் கூடாது. யாரைப் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. அழிந்துபோனதாகச் சொல்லச் சொன்னார்கள். எத்தனையோ பொய் சொன்ன வாய்தான். உன் நெற்றியை நினைத்ததும் அந்த ஒரு பொய் வெளியே வரவில்லை. இரண்டும் சொல்ல முடியாதவன் சுறாவைப் பற்றித்தானே எழுத முடியும்?

கப்பல் பொய். பல்லக்கு பொய். எட்டுக் கை மீன், ராஜா, காய்ச்சல் எல்லாம் பொய். விகாரைக்குள் செருப்போடுதான் போனேன், அங்கே என்னைத் தடுக்க யாரும் இல்லை. கடலில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கவே இல்லை. ஊர் மூழ்கிய இடம் என்று கையைக் காட்டினார்கள். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. பதினேழு வருஷம் பொய்யைப் பெரிதாக்கிச் சொல்லி என்னத்தைக் கண்டேன் என்று அங்கே நின்றபோது தோன்றியது. அதை எழுதவில்லை.

ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிரே ஓலை வேய்ந்த ஒரு கடை. என்னைப் பார்த்ததும் கடைக்காரர் திரும்பி நின்றுகொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு கிண்ணம் வந்தது. குனிந்த தலை நிமிராமல் தின்றேன். அடியில் அரை முட்டை இருந்தது. எனக்கு எதற்கு அதை ஒளித்து வைத்தார் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். என்னிடம் கொடுத்தனுப்ப அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. அதைத்தான் அவ்வளவு பெரிய சமுத்திரத்துக்குள் போட்டு உங்களுக்கு அனுப்பினேன். நீ கண்டெடுக்காவிட்டால், பதினோராம் தேதி அங்கே வந்து தர்ப்பையைப் பிடுங்கியிருப்பேன். பவானி என்னைச் செருப்பால் அடித்திருப்பாள். அதுவும் நடக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

டோ தெய்வானைக்கு என்ன சொல்வது என்று நீயே முடிவு செய்துகொள். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று பவானி சொன்னது நியாயம். அதை மாற்றச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை எழுத்தில் கொடுக்கிறேன், பின்னால் மாற்ற முடியாதபடி. நான் வாயில் வைக்காமலே ஊரைச் சிரிக்க வைத்த பண்டத்தை அன்றுதான் முதல்முறையாகச் சாப்பிட்டேன்.

நன்றாக இருந்தது, புஷ்பா.

அண்ணன்,
சின்னத்தம்பி